குங்குமம் வைத்த டெஸ்ட் அடாப்டர்

ஒரகடத்தில் நான் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் ஆலையில் பாதுகாப்பு என்பது ஒரு சத்தம். ‘டக்.’ அவ்வளவுதான்.

தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகப் புழங்கும் இடங்களில் கையில் தூக்கிப்போகும் ஈ.எல்.சி.பி. பெட்டி ஒன்று உண்டு. சுவர் பிளக்குக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டுவோம். மின்சாரம் கசிந்து ஆள் உடம்பில் இறங்கினால், கண் இமைப்பதற்குள் அது இணைப்பை வெட்டிவிட வேண்டும். திங்கட்கிழமைதோறும் பாதுகாப்பு அதிகாரி சட்டை கசங்காமல் வருவார். பெட்டியின் டெஸ்ட் பட்டனை அழுத்துவார். டக். பச்சை ஸ்டிக்கர். ஒரு போட்டோ. வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் கட்டைவிரல் காட்டுவார். மறுமுனையில் மின்சாரம் நிஜமாகவே நின்றதா என்று பார்க்கும் கெட்ட பழக்கம் யாருக்கும் இல்லை. காலிங்பெல் அடித்தது, எனவே வீட்டில் ஆள் இருக்கிறார் என்று முடிவு கட்டித் திரும்பிப் போகும் ஜாதி.

அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு டெஸ்ட் அடாப்டர் வாங்கியிருந்தார்கள். பெட்டியின் வெளிமுனையில் மாட்டி மீட்டரோடு சேர்த்தால், வேண்டுமென்றே கொஞ்சம் கசிவை உண்டாக்கி, பெட்டி வெட்டுகிறதா, எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்று காட்டிவிடும். மின்சாரம் நின்றால் அடாப்டரில் எரியும் விளக்கும் அணையும். அந்தப் பொருள் மேனேஜர் அறையின் கண்ணாடி அலமாரியில், உறை பிரிக்காமல் கிடந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். உறை மேல் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். பேன்ட்டுக்குள் சட்டையை விட்டவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் என்று என் அப்பா இன்றும் நம்புகிறார். அவரிடம் ஆலையைப் பற்றி நான் பேசுவதில்லை.

பெயின்ட் ஷாப்பிலிருந்து வரும் ட்ரேக்களைப் பிரஷர் பம்ப்பால் கழுவும் அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரர். பம்ப்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று மெயின்டனன்ஸ் இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறார். பச்சை ஸ்டிக்கர் இருக்கிறதே, எல்லாம் உன் பிரமை என்றாராம் அவர். அக்கா என்னிடம் சொன்னதும் அடாப்டரைக் கேட்டுப் போனேன். உறையைப் பிரித்தால் தூசி படியும் என்று பாதுகாப்பு அதிகாரி திருப்பி அனுப்பினார்.

பிறகு ஆடிட் வந்தது. அடாப்டரைப் பயன்படுத்துவது போல ஒரு போட்டோ வேண்டுமாம். பிடித்துக்கொண்டு நிற்பதற்குத் தலை சீவிய ஒருவன் தேவைப்பட்டான். என்னைக் கூப்பிட்டார்கள். ட்ரே கழுவும் இடத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நான்தான் அழைத்துப் போனேன். உறையைப் பிரித்துப் போட்டோ எடுத்து முடிந்ததும், யாரையும் கேட்காமல், அடாப்டரை அக்காவின் பெட்டியில் நிஜமாகவே மாட்டி, மீட்டரோடு சேர்த்து, அதன் பட்டனைத் தட்டினேன்.

டக் என்றது. அதிகாரியின் முகம் மலர்ந்தது. அடாப்டரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. இணைப்பு வெட்டப்படவே இல்லை என்று மீட்டர் காட்டியது.

“சத்தம் வந்துச்சில்ல? அப்புறம் இன்னா?” என்றார் அதிகாரி.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு இரண்டு துண்டு வயர் ஓடியது. சுவிட்ச் விழுந்தாலும் மின்சாரம் பக்கத்து வழியில் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜினியர் வந்தார். வெட்கமெல்லாம் படவில்லை. பம்ப் கசிந்ததால் பெட்டி அடிக்கடி ட்ரிப் ஆனதாம், ட்ரே வராமல் உற்பத்தி லைன் நின்றதாம், அதனால் அவரே சொல்லிக் கட்டவைத்தாராம். திருடன் வந்தான், நாய் குரைத்தது, இவர் எழுந்து போய் நாயின் வாயைக் கட்டியிருக்கிறார். இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்கிறார்.

அக்கா ஹோஸைக் கீழே போட்டார். “அப்போ எனுக்கு அடிச்சது பிரமை இல்ல?”

இன்ஜினியர் தன் போனைப் பார்த்தார். இந்த ஷிஃப்ட் மட்டும் இதிலேயே ஓட்டட்டும், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னார். நான் கட்டரை எடுத்து, பம்ப்பின் பிளக்கை நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“டேய், ஒன்ன மாதிரி டிப்ளமா எத்தினி பேர் கேட்டாண்ட க்யூல நிக்கறான், தெரியும்ல?” என்றார் இன்ஜினியர்.

“தெரியும் சார். அந்த க்யூலேர்ந்துதான் வந்தேன்.”

ட்ரே போகவில்லை. லைனிலிருந்து போன் மேல் போன். டீ வருவதற்குள் ஸ்டோரிலிருந்து புதுப் பெட்டியும் புதுப் பம்ப்பும் வந்துவிட்டன. எங்கும் போய் வாங்கவில்லை. அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் அங்கேயே இருந்திருக்கின்றன. ஆள் சாகலாம் என்றபோது அசையாத ஸ்டோர், ட்ரே தாமதம் என்றதும் ஓடிவந்தது. புதுப் பெட்டியில் அடாப்டரை மாட்டி, அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்து, மீட்டரைத் தட்டினேன். டக். விளக்கு அணைந்தது.

என்னைக் கம்ப்ரசர் அறைக்கு மாற்றினார்கள். நோட்டீஸ் போர்டில் அந்த போட்டோ தொங்குகிறது. என்னை வெட்டிவிட்டார்கள், அடாப்டரும் இரண்டு கையும் மட்டும் இருக்கின்றன. அடாப்டர் மறுபடி அலமாரிக்குள் போனது.

அடுத்த திங்கட்கிழமை அதிகாரி பட்டனை அழுத்தி, ஸ்டிக்கரை ஒட்டி, போட்டோவுக்குத் தயாரானபோது அக்கா பம்ப்பைத் தொடவில்லையாம்.

“லைட்ட அணைச்சிக் காட்டு சார். அப்பால தொடறேன்.”

ட்ரேக்கள் சேர்ந்துகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் அதிகாரி மேனேஜர் அறைக்குப் போய், சாவி கேட்டு வாங்கி, குங்குமக் கறை படிந்த உறையோடு அடாப்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எந்த முனையை எதில் மாட்டுவது என்று தெரியவில்லை. கம்ப்ரசர் அறைக்குப் போன் போட்டார்.