விளக்கு மேசையில் ஒரு புள்ளி

வியாழக்கிழமை, மாலை நாலு இருபது. அப்போதுதான் இதைத் தொடங்கினேன். ஒன்பது வயது மகளின் தலைக்குள், தேவையே இல்லாமல், ஐந்து முறை கதிரைப் பாய்ச்ச வைத்தவன் நான். டாக்டர்கள் அல்ல... நான்!

அன்று மகள் பர்வீன் பள்ளி வேன் படியிலிருந்து தவறி விழுந்திருந்தாள். சிவகாசி டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வாந்தியில்லை, மயக்கமில்லை, ஸ்கேன் வேண்டாம், இரண்டு நாள் கவனியுங்கள் என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சலித்துப்போய் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதோடு விட்டிருக்கலாம், இல்லையா?

காலண்டர் அச்சகத்தில், அச்சுக்குப் போகுமுன் பிலிமைச் சோதிப்பது என் வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் பிலிமை விரித்து, லென்ஸ் வைத்து ஊசிமுனைப் பிழையையும் பிடிப்பேன். சந்தேகம் வந்தால் புதுப் பிலிம். பழையதைப் பக்கத்தில் வைக்க மாட்டோம். கண் பழைய பிழையையே தேடும்.

மகளின் தலையையும் அந்த மேசையில்தான் விரித்தேன். லென்ஸ் வைத்தேன். ஒரு புள்ளி!

அதன்பின் புது ஊர், புது டாக்டர். விருதுநகர், ராஜபாளையம், திருநெல்வேலி, மதுரை. முன்பு எடுத்ததுண்டா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்றேன். பிலிம்கள் என் பீரோவில் கிடந்தன. அவள் அம்மாவிடம் கண் பரிசோதனை என்றேன். வலிக்காத நாளிலும் தலை வலிக்கிறது என்று சொல்லும்படி பர்வீனைப் பழக்கினேன்.

ராஜபாளையத்தில் மெஷின் ஓட்டியவர் என்னைத் தனியே அழைத்தார். "சின்னப் பிள்ளைக ஒடம்பு இந்தக் கதிரைத் தாங்காது சார். கட்டாயம்னா மட்டுந்தான் எடுக்கணும்."

கேட்டேன். புரிந்தது. தலையாட்டிவிட்டு அவளைப் படுக்க வைத்தேன். பயம் என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமா அது? என் கண் தவறாது என்ற திமிர்...

ஐந்தாம் முறை, மெஷினுக்குள் போகுமுன் அவள் கேட்டாள்: "அத்தா, காலண்டருக்கே ரெண்டு தடவைதானே புரூப் எடுத்துப் பாப்பீக?"

நான் சிரித்தேன்.

ஐந்தாவதிலும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, முதல் பிலிமை எடுத்துப் பஞ்சால் துடைத்தேன். புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது.

பதினாறு வயதில் அவளுக்கு இரத்தப் புற்று. மதுரை ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிய டாக்டரம்மா, சிறுவயதில் ஸ்கேன் ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்போதும்! உங்களால் முடியுமா அது? என்னால் முடிந்தது.

மறுநாள் காலை, பர்வீனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அஞ்சு தடவைன்னு பிள்ளை சொல்லிருச்சு. அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது." கையிலிருந்த ஃபைலை மூடினார். "இனிமே எது கேக்கணும்னாலும் அவகிட்டயே கேட்டுக்கிறேன். நீங்க வெளியவே இருங்க."