பரமேஸ்வரி மாற்றிய டிரைவர்

செய்தி கட்டங்களாகத்தான் வந்தது. என் பழைய கைத்தொலைபேசிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பரமேஸ்வரியின் தம்பி தமிழில் அனுப்பிய குறுஞ்செய்தி வெறும் சதுரங்களாகத் திரையில் நின்றது. அழைத்துக் கேட்டேன். "அக்கா எங்கள விட்டுட்டுப் போயிருச்சு மிஸ்" என்றான். நெஞ்சுவலியாம். போகிற வயதா அது?

பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் கணினிகளைக் கவனித்தவள். நான் அங்கே கணக்காளர். என் யாழ்ப்பாணப் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிப்பதில் அவளுக்குத் தனி இன்பம்.

அடையாள அட்டை இல்லாத தோட்ட மக்களுக்கு விண்ணப்பம் தயாரிப்பது எங்கள் வேலை. தோட்டத்தில் பதியும் பெயர் பதுளையிலும் தெரியவேண்டும் என்று, எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். அதையும் தரவுத்தளத்தையும் பேசவைக்க ஒரு சிறு நிரல் வேண்டும். அதன் பெயர் டிரைவர். மென்பொருளின் சீடி இறுவட்டோடு வந்ததையே போட்டால் போதும் என்றார் பொறுப்பாளர். போட்டார்கள். ஆங்கிலம் ஒழுங்காக ஏறியது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாயின.

அப்போதுதான் முத்தம்மா என்றொரு பெண் தன் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். தேடினால் அவர் பெயர் இல்லை. பிறகு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். பரமேஸ்வரி கொதித்துப் போனாள். "வேலைக்குப் போகாததால இன்னைக்கித் தோட்டத்துல அவங்களுக்குப் பேரு இல்ல. இங்க வந்தா இங்கயும் பேரு இல்லயா?" ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் 'பேர்' என்றுதான் சொல்வார்கள்.

"டிரைவர் சரியில்ல சேர், மாத்தணும்!" என்று அவள் போட்ட சத்தம் வாசலில் நின்ற ஜீப் டிரைவருக்கும் கேட்டுவிட்டது. முகம் தொங்கிப்போய் உள்ளே வந்தார். "நான் என்னா தங்கச்சி தப்பு செஞ்சேன்?"

"ஒங்கள இல்லண்ணே! இந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறவர!"

தமிழ் தெரிந்த டிரைவரைத் தொலைபேசிவழி இணையத்திலிருந்து இறக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாதியில் அறுந்துவிடும். ஒருவழியாக இறக்கிப் போட்டால் எங்கள் தரவுத்தளத்துக்கு ஒத்துவராத பதிப்பு. கழற்றிவிட்டு வேறொன்று போட்டாள். 'முத்தம்மா' என்று அடித்தாள். முத்தம்மா என்றே திரையில் நின்றது. மறுநாள் அவரைக் கூட்டிவர ஜீப்பை எடுத்துப் போனவர் அந்த டிரைவர் அண்ணன்தான்.

அந்தப் பதிவு வேலை முடிந்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ் இல்லையாம், நிரந்தரமாக்க முடியாதாம். எத்தனை பேருடைய பெயரைக் காப்பாற்றியவள்! இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிறகு கடைவீதியில் போட்டோகொப்பிக் கடையொன்றில் தட்டச்சு செய்தாள். நான் கொழும்புக்கு மாறிவிட்டேன். பேசும்போதெல்லாம், "அந்த ஃபோன ஒருக்கா கொண்டாங்க மிஸ், தமிழ் தெரிய வைக்கலாமான்னு பாப்போம்" என்பாள். அடுத்தமுறை வரும்போது என்பேன்.

தமிழ் தெரிந்த அந்த டிரைவரை அவள் பதிந்துகொடுத்த இறுவட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே தடித்த பேனாவால் 'இதத்தான் போடணும்' என்று எழுதியிருக்கிறாள். அந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்கவில்லை. எடுத்தெடுத்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டங்களில் எவை பரமேஸ்வரி என்று எனக்குத் தெரியவில்லை.