எழுதிக்கொள்ளாத பெயர்

திருப்பதியில் எங்கள் வீட்டு மாடி அறையைப் பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவந்தேன். அதற்கு மாநகராட்சி அனுமதி வாங்கவில்லை. தங்குகிறவர்களின் விவரத்தை நோட்டில் எழுதினால் அதுவே சாட்சியாகிவிடும் என்ற பயத்தில் எதையும் எழுதுவதில்லை.

சென்ற ஆண்டு அறுபது வயதுக்காரர் ஒருவர் தனியாக வந்தார். "பேரு, ஊரு எழுதிக்கம்மா" என்றார். "அதெல்லாம் வேணாங்க" என்று சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவரிடம் செல்போன் இல்லை. பையில் இரண்டு வேட்டிகள்தான் இருந்தன. போலீசார் கேட்டபோது அவர் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றேன். பிணவறையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். யாரும் தேடி வராததால் அவர்களே எரித்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் பலமனேரிலிருந்து அவர் மனைவி, கையில் போட்டோவுடன் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"லாட்ஜு லாட்ஜா நோட்டைப் பாக்கச் சொல்லிக் கேட்டுக்கினு வரேம்மா. எங்க வூட்டுக்காரு இங்க தங்கினாரா?"

நடந்ததைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரை எழுதியிருந்தா மூஞ்சியாவது பாத்திருப்பேனே!"

அவர் என்னைத் திட்டவில்லை. நான் நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

பல மாதங்கள் அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். பிறகு முறைப்படி அனுமதி வாங்கினேன். இப்போது யார் வந்தாலும் ஆதார் நகலோடு வீட்டார் செல்போன் எண்ணையும் வாங்குகிறேன். சாவியைக் கொடுப்பதற்கு முன், "உங்க வீட்டு மனுஷங்க எங்க வீட்லதான் இருக்காங்க" என்று அந்த எண்ணுக்கு நானே பேசிவிடுகிறேன்.