போயிட்டு வா, குண்டம்மா

படைத்தளத்தின் கோப்புகளில் அந்தப் போர்க்கலத்துக்கு எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பெயர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாது. வயிறு கொள்ளாமல் சிப்பாய்கள், இரண்டு பக்கமும் பீரங்கி, இறக்கையே இல்லாமல் நிலாக்களில் இருக்கும் காவல் முகாம்கள் வரை பறக்கும் பருத்த உடம்பு. குண்டும் சுமக்கிறது, ஆளும் குண்டு. அதனால் குண்டம்மா.

குண்டம்மாவின் வயிற்றுக்குள் சிப்பாய்களை இருக்கையோடு கட்டிப்போடுவது பெல்ட் அக்காவின் வேலை. கலம் செங்குத்தாக எழும்பும். பெல்ட் ஒரு விரல் தளர்ந்திருந்தாலும் ஆள் கூரையில் போய் முட்டிக்கொள்வார். ஆனால் இறுக்கினால் யாருக்குப் பிடிக்கும்? மூச்சை அடக்கி, வயிற்றை உப்பிவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல உட்கார்ந்திருப்பார்கள். அக்காவா ஏமாறுகிறவர்?

"என்ன தம்பி, நேத்து நீ நக்கின நக்குல, கேன்டீன்காரர் கழுவின தட்டுன்னு எடுத்து அடுக்கிட்டாராமே?"

தம்பி சிரிப்பார். சிரித்தால் மூச்சு போகும். போன நொடியில் ஒரே இழுப்பு.

"அக்கா, கொல்றீங்களே!"

"நீ முழுசா இருக்கணும்ல, அதுக்குத்தான்டா."

எல்லோரையும் கட்டி முடித்ததும் இறங்கி, கதவருகே நின்று, "போயிட்டு வாங்க" என்பார். விமானி கிளப்புவார். காலமெல்லாம் இப்படித்தான் ஓடியது.

போன மாதம் விமானியை எடுத்துவிட்டு, இன்ஜினியர் ஒருவர் வந்து குண்டம்மாவுக்குக் காது வைத்தார். பெல்ட் எல்லாம் பூட்டியதும் காது திறக்கும். "போ" என்றால் போகும். போன இடத்தில் ஆளை இறக்கிவிட்டு, "வா" என்று கூப்பிடும்வரை அங்கேயே கிடக்கும். அதற்குப் பழக்கிய குரல்கள் இரண்டு. ஒன்று தளத்தின் மேஜருடையது, மற்றது அக்காவுடையது.

முதல் ஒத்திகை. மலைக்கு அந்தப் பக்கம் சிப்பாய்களை இறக்க வேண்டும். அக்கா வழக்கம்போல் "போயிட்டு வாங்க" என்றார். குண்டம்மா போனது, மலையைத் தொட்டது, கதவைக்கூடத் திறக்காமல் அப்படியே வந்துவிட்டது. உள்ளே பாதிப் பேர் முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜர் ஓடிவந்தார். "யாரு திரும்பி வரச் சொன்னது?"

"நான்தான் சார். ஆனா வண்டியை இல்ல, பசங்களை."

"இனிமே 'போ'. அவ்வளவுதான். நாளைக்கு நானே உள்ள உக்காருறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சு, உங்களைக் குடோனுக்கு மாத்திடுவேன்."

"சண்டைக்குக் கிளம்புற பிள்ளைங்களைப் பாத்து 'போ'ன்னு எப்படி சார் சொல்றது? நாயை விரட்டுற மாதிரி?"

"வாயை அடக்கப் பழகணும். எனக்கெல்லாம் தவறுதா?"

அக்கா அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. குடோன் என்றால் ஜன்னல் இல்லாத கூடம், பூச்சிமருந்து வாடை, பேச்சுத்துணைக்குப் பழைய போர்வைகள். சரி, சொல்லித் தொலைப்போம் என்று கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன் நின்று "போ" சொல்லிப் பார்த்தார். "போ...யிட்டு வாங்க" என்றே வந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியை முறைத்தார். பிறகு மேஜரின் மனைவிக்குப் போன் போட்டார். கேன்டீனில் பார்த்துப் பேசிய பழக்கம்.

"சார் நாளைக்குக் காலையில குண்டம்மாவில கிளம்புறாரே, சொல்லியிருப்பாரே?"

மறுமுனையில் குரல் உயர்ந்தது: "எங்க கிளம்புறாரு?"

"ஐயையோ, சொல்லலையா? நான் ஒண்ணும் சொல்லலைம்மா!"

மறுநாள் சிப்பாய்களோடு மேஜரும் உட்கார்ந்தார். அவரும் வயிற்றை உப்பிக்கொண்டார். அக்கா எத்தனையோ ஜோக் சொல்லிப் பார்த்தார், மீசைகூட ஆடவில்லை. அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. யார் என்று பார்த்ததும் மேஜர் விட்ட பெருமூச்சில் வயிறு பாதியானது. ஒரே இழுப்பு. பெல்ட் பூட்டிக்கொண்டது. குண்டம்மாவின் காது திறந்தது.

அக்கா இறங்கி, வாயை இறுக மூடிக்கொண்டு கதவருகே நின்றார்.

"இல்லம்மா... சொல்லணும்னுதான் இருந்தேன்... சும்மா ஒத்திகைம்மா..." உள்ளிருந்து மேஜரின் குரல் கெஞ்சியது. "சரி, சரி, போயிட்டு வந்துடறேன்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

குண்டம்மா போனது, மலையைத் தொட்டது, வந்தது. முதலில் மேஜரின் தொப்பி உருண்டு வந்தது, பின்னாலேயே மேஜர். உள்ளே ஒரு சிப்பாய், "அக்கா வாயே திறக்கலை சார்" என்றார். மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

அதன்பிறகு குடோன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இன்ஜினியர் மறுபடி வந்து குண்டம்மாவின் காதைத்தான் திருத்தினார். இப்போது அக்கா "போயிட்டு வாங்க" என்றதும் குண்டம்மா கேட்கிறது: "எப்ப வரணும்?"

எல்லோருக்கும் அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று, ஒருவரைத் தவிர.

"வீட்லதான் இதே கேள்வின்னா, இங்கயுமா?" என்று அடுத்த ஒத்திகைக்கு வந்து உட்காரும்போது புலம்பினார் மேஜர்.

புலம்பியதில் மூச்சு போய்விட்டது. அக்கா பெல்ட்டை இழுத்துவிட்டார்.