துகினமும் ஒரு பழைய பிரிட்ஜும்

போன வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய், தெருவே அடங்கியிருந்த நேரம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு காரின் முன்கண்ணாடி. அதன் மேல் உப்புப் பூத்தது போல முழுக்க வெள்ளை.

பின்னாலேயே தங்கச்சி நஸ்லாவின் வீடியோ கோல். அவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே அப்போது காலை. வேலைக்குப் போகும் அவசரத்தில் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே கதைத்தாள்.

"ராத்தா, இதுக்கு நம்மட தமிழ்ல என்ன பேர்? மகள் கேக்கிறா. பனி எண்டன். அப்ப மேலால விழுற ஸ்னோவுக்கு என்னவாம்? அதுவும் பனிதான் எண்டன். புல்லுல கிடக்கிறதுக்கு? அதுவும் பனி! விழுந்து விழுந்து சிரிக்கிறா."

"உறைபனி எண்டு சொல்லு புள்ள" என்றேன், எழுத்தாளத் தோரணையோடு.

"அது வானிலை அறிக்கையில வாற சொல். வேற நல்ல பழஞ்சொல்லா ஒண்டு தேடித் தாங்களன். மறுகா... ராத்தா..."

இழுத்தாள். இந்த இழுவை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் புதுச் சட்டையைக் கேட்க வரும்போதும் இப்படித்தான் இழுப்பாள்.

"அங்க என்ட வீட்டில ஆரையும் குடியிருத்துவமா? சும்மா பூட்டிக் கிடந்தா பழுதாப் போகும்தானே."

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்முனைப் பக்கம் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அக்கா தங்கைகள் ஒரே வளவில், அடுத்தடுத்த வீடுகளில், ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வாழலாம்! வாப்பாவும் அந்த நம்பிக்கையில்தான் எங்கள் இருவர் வீடுகளுக்கும் நடுவில் மதில் வைக்காமல் கட்டினார். நஸ்லாவின் மாப்பிள்ளையும் பெட்டியோடுதான் வந்தார். பிறகு அதே பெட்டியோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாவி என்னிடம். அவள் வீட்டு ஜன்னல்களை நான்தான் திறந்து மூடுகிறேன். அங்கே வேறொருத்தி வந்து குடியிருந்தால்... அவள் நல்லவளாகவே இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகும் நஸ்லா திரும்பி வருவாள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

"யோசிச்சுச் சொல்றன்" என்று போனை வைத்தேன். பிறகு? பதில் சொல்லத் தெரியாத எழுத்தாளர்கள் செய்யும் வேலையைத்தான் செய்தேன். அகராதியைத் திறந்தேன்.

துகினம் என்று ஒரு சொல் கிடைத்தது. இமம் என்று இன்னொன்று. இரண்டும் வடமொழியிலிருந்து வந்த விருந்தாளிகள். வீட்டுப் பிள்ளை பனிதான். அதைத்தான் நஸ்லாவும் மகளுக்குச் சொல்லியிருந்தாள். பனித்தல் என்றால் குளிர்தல். நடுங்குதல். கண்ணீர் துளித்தல். மலையாளத்துக்காரர்களுக்கோ பனி என்றால் காய்ச்சல். இந்தச் சொல்லைப் புழங்கியவர்களில் எத்தனை பேர் உறைபனியைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? நடுக்கமும் கண்ணீரும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நாங்கள் எங்கே கண்டோம்? மாரி முடிந்து நாவிதன்வெளி வயல்களில் விடியற்காலையில் கிடக்கும் ஈரத்துக்கே முக்காட்டை இழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள். நானும் நஸ்லாவும் கண்ட உறைபனி ஒன்றே ஒன்று... உம்மாவின் பிரிட்ஜில், மேல்தட்டில் படிந்த பனி!

நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன்பே நஸ்லா கரண்டியோடு போய் நிற்பாள். பாங்கு சொன்னதும் அதைச் சுரண்டி சர்பத்தில் போட்டுக் குடிப்பாள். "தடிமன் புடிக்கும் புள்ள" என்று உம்மா கத்துவா. யார் கேட்டது?

அந்தப் பிரிட்ஜ் நஸ்லாவின் சீதனத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். துடைத்தேன். உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் வைத்து, சுவிட்சைப் போட்டேன். கிழடு ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது.

ஜும்ஆ முடிந்து வந்த என் கணவருக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

"ஆளில்லாத வீட்டுக்குப் பிரிட்ஜ் என்னத்துக்கு?"

"ஒரு சொல்லுத் தேடுறன் மச்சான்."

மனுஷன் சோறு தின்னப் போய்விட்டார். என்னோடு வாழ்ந்து பழகியவர்.

அடுத்த நாள் மேல்தட்டில் வெள்ளை பிடித்திருந்தது. படமெடுத்து நஸ்லாவுக்கு அனுப்பினேன். "பழஞ்சொல் துகினம். உன்ட மகளுக்குப் பனியே போதும். வீட்டில ஆரையும் இருத்த எனக்கு மனமில்ல புள்ள" என்றும் எழுதினேன்.

பார்த்துவிட்டாள். நீலக் குறி விழுந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கும்போது ஒரு குரல் செய்தி கிடந்தது. முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அப்ப பூட்டியே கிடக்கட்டும் ராத்தா. பெருநாளைக்கு வரப் பாக்கிறன்."

'வரப் பாக்கிறன்' என்றால் என்ன பொருள் என்பதற்கு எங்கள் ஊரில் அகராதி தேவையில்லை. கல்யாண வீட்டுக்கு அழைக்கும்போது யாராவது அப்படிச் சொன்னால், பந்தியில் ஒரு சஹன் தட்டுச் சோற்றைக் குறைத்துவிடுவோம்.

தெரிந்தும், பிரிட்ஜின் சுவிட்சை நான் அணைக்கவில்லை... அவள்தான் வந்து சுரண்ட வேண்டும்.