நாங்குநேரித் தாலுகா கச்சேரிக்குப் போகாத காகிதம்

மற்ற ஊர்ச் சபையாருக்கு எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்புவரை படித்தவன், ஓடு ஏற்றும் வண்டி வைத்துப் பிழைக்கிறவன். கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஆனால் இதில் பாதி மனுஷன் செய்தது. அதையும் மறைக்க முடியவில்லை.

டில்லியில் ராஜாவுக்கு மகுடம் சூட்டுவதற்கு முந்தின வருஷம், ராதாபுரம் பக்கத்து எங்கள் ஊரில் ஓலைக் கொட்டகை ஜெபவீடு காற்றில் விழுந்துபோயிற்று. கல்லால் கட்டுவோம், கீழத்தெரு மனையில் கட்டுவோம் என்று சபை தீர்மானித்தது. கட்டுவதற்கு கலெக்டர் உத்தரவு வேண்டும். அதற்கு ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் கொடுக்கிற மனைப்படம் வேண்டும். ஆட்சேபனை இல்லை என்று சுற்றிலும் இருக்கிற இந்துக் குடும்பங்கள் கைரேகை வைத்த காகிதமும் வேண்டும். பொறுப்பு என் பேரில் விழுந்தது. மூன்று மாதம் நடந்தேன். பன்னிரண்டு வீட்டாரும் முகம் கோணாமல் ரேகை வைத்தார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து என் தங்கை புருஷன் கையில் கொடுத்தேன். நாங்குநேரித் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவர் அவர். ஜெபவீடு தன் வீட்டுப் பக்கம் மேலத்தெருவில் வரவேண்டும் என்று முதலில் வாதாடினவரும் அவர்தான். பிறகு, "தேவ சித்தம் மச்சான், நானே கொண்டுபோய்க் கொடுக்கேன்" என்றார். நான் நம்பினேன். கூடப் பிறந்தவளைக் கொடுத்தவன் காகிதத்தைக் கொடுக்க யோசிப்பேனா?

கேட்டபோதெல்லாம், "மேல போயிருக்கு" என்றார். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். உத்தரவு ஆகிவிட்டது, நம் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார், காகிதம் பின்னால் வருகிறது என்றார். சபை முழுக்க எழுந்து பாடியது. நான் அழுதேன். மறுநாளே கடைக்காலுக்கு வானம் தோண்டினோம்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்து நிறுத்தினார். எங்கள் மனுவே கச்சேரிக்கு வந்து சேரவில்லை என்றார். பதினைந்து நாளில் உத்தரவு காட்டாவிட்டால் சுவரை இடிக்க வேண்டும், பொறுப்பாளி தாசில்தார் முன்னால் நிற்க வேண்டும். பொறுப்பாளி நான்.

தங்கை புருஷனிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சபையில சொன்னதைச் சர்க்கார்ல வந்து சொல்லணுமாக்கும்? என் கையெழுத்து எங்கன இருக்கு, காட்டும் வே" என்றார்.

"நான் கொடுத்த காகிதம் எங்க மச்சான்?"

"எந்தக் காகிதம்?"

திரும்பி நடந்தேன்.

கர்ணத்திடம் படம் மறுபடி வாங்கலாம். ரேகைக்கு எங்கே போவேன்? வைத்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் கண்டித் தோட்டத்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். சபையார் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். "உத்தரவைப் பார்க்காமலா கடைக்கால் போட்டீரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கூடப் பாடினவர்தான் அவரும்.

அரைச் சுவருக்குள் வெயிலில் போய் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. தங்கை புருஷன் சபையில் ஜெபம் பண்ணுகிற அழகு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஆண்டவரே, அந்தக் காகிதம்" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாளும் அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் என் தங்கை ஓலைப்பெட்டியோடு வந்தாள். "அண்ணே, கீரையைத் தூக்கிப் பாரு" என்றாள். அடியில் மனு, படம், பன்னிரண்டு ரேகை, எல்லாம் இருந்தது.

"அவரு துணிப்பெட்டில கெடந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. கைரேகையைப் பாத்தாத் தெரியாதா?"

"அவர் கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"எடுத்தேன்னு சொல்லுவேன். பொய் சொல்லுததுக்கு ஒரு வீட்டுல ஒரு ஆளு போதும்."

அந்த வாரம் கலெக்டர் துரை நாங்குநேரியில் முகாம் போட்டிருந்தார். நேரே போய்க் கையில் கொடுத்தேன். துரை ரேகைகளை எண்ணிப் பார்த்தார். தாசில்தாரிடம் ஏதோ கேட்டார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது முத்திரை வைத்த உத்தரவு வந்தது. சுவர் நின்றது. இன்று கூரையும் நிற்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

முன்னே நன்றாக ஜெபிக்கிறவரைக் கண்டால் நல்லவர் என்று நினைப்பேன். இப்போது நினைப்பதில்லை. வார்த்தை வராதவனுடைய ஜெபமும் போய்ச் சேருகிறது என்று அறிந்துகொண்டேன். ஜெபம் வரவில்லையே என்று கலங்குகிறவர்களே, உங்களுக்கு வேண்டியதன் பேரை மட்டும் சொல்லுங்கள். கர்த்தருக்கு அது போதும்.

தங்கையை அவள் புருஷன் என் வீட்டு வாசல் மிதிக்க விடுவதில்லை. ஞாயிறுதோறும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்ப்பாள், பேசமாட்டாள். அவரும் வருகிறார், பாடுகிறார். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டேன். நெஞ்சு இன்னும் வரவில்லை. "ஆண்டவரே, என் தங்கை" என்று இப்போது தினமும் சொல்லுகிறேன். நீங்களும் ஒருதரம் சொல்லுங்கள்.

உத்தரவைக் கண்ணாடி போட்டு ஜெபவீட்டு வாசலில் மாட்டியிருக்கிறேன். சாட்சி சொல்லுகிற என்னை நம்ப வேண்டாம். வந்து முத்திரையைப் பாருங்கள். பார்த்துவிட்டு, உள்ளே வந்து முழங்கால் போடுங்கள்.