பச்சைக் கோட்டில் நின்ற முள்

பிரசவ அறையில் பதினாறு வருடம் வேலை பார்த்த நர்ஸ் அவள். குழந்தை வெளியே வரச் சிரமப்பட்டால், டாக்டர் அதன் தலையில் ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்துவார். இவள் கைப்பம்பை அழுத்திக் காற்றை உறிஞ்சுவாள். கிண்ணம் கவ்வியதும் டாக்டர் மெல்ல இழுப்பார். பம்பின் முள் பச்சைக் கோட்டைத் தாண்டக் கூடாது. அவள் கடைசியாக அழுத்திய அன்றும் தாண்டவில்லை. ஆனாலும் குழந்தையின் தலைத்தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி, மூன்றாம் நாள் அது இறந்துபோனது.

பம்பு செய்த கம்பெனியின் மேலாளர் அதை எடுத்துப்போய், பத்து நாளில் ஓர் அறிக்கையோடு திருப்பித் தந்தார்: கருவியில் பழுதில்லை, நர்ஸ் அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறார். பெற்றவள் அதைப் படித்துவிட்டு இவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரி அவளைப் பழைய சாமான் கிடங்குக்குத் தூக்கியடித்தது.

"விட்டுத் தொலையேன்," என்றார் கணவர்.

"என்னைக் கொலைகாரின்னு எழுதியிருக்கான்ங்க. அவனை விட மாட்டேன்."

கழித்துக்கட்டிய கருவியெல்லாம் கிடங்குக்குத்தானே வரும்? அந்தப் பம்பும் வந்தது. உறிஞ்சும் அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் அளவுமானி ஒன்றை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கி அதில் பொருத்தினாள். முள் பச்சையில் நிற்க, அளவுமானி அதற்கு எங்கேயோ மேலே போய் நின்றது. புதுப் பம்புகள் ஒழுங்காகத்தான் காட்டின. நெடுநாள் உழைத்தவைதான் பொய் சொல்லின, முள்ளை நகர்த்தும் ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தது. நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிந்த நர்ஸ்களையெல்லாம் நச்சரித்து அதோடு சேர்த்து ஒன்பது பழைய பம்பு சேர்த்தாள்.

அதே கம்பெனி புது மாடலுக்கு அனுமதி கேட்டது. கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம், ஆட்சேபணை கேட்க ஒரு நாள் குறித்தது. பம்புகளும் அளவுமானியும் நிறைந்த பையும் கையுமாகப் போய் உட்கார்ந்தாள். மேலாளருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

"முள்ளும் ஸ்பிரிங்கும் பழைய மாடல்ல இருந்ததுதான் மேடம். இதுவரைக்கும் ஒரு புகார்கூட நிரூபணம் ஆனதில்ல," என்றார் அவர், விசாரணை நடத்திய அதிகாரியிடம்.

இவள் எழுந்தாள். "சார், கொஞ்சம் சட்டைக் கையை மடிங்க."

அவர் விழித்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கருவிதானே? மடிங்களேன்."

முன்கையில் கிண்ணத்தை வைத்து, அந்தப் பழைய பம்பை அழுத்தினாள்.

"வலிக்குதா சார்?"

"இல்ல..."

மறுபடி அழுத்தினாள். மறுபடி.

"முள்ளைப் பாருங்க சார். பச்சையிலதானே நிக்குது? நான் மீறலையே?"

"போதும்! எடும்மா!"

உடனே எடுக்கவில்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணினாள்.

"அந்தக் குழந்தைக்குப் போதும்னு சொல்லத் தெரியல சார்."

தோல் கருநீலமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி மற்ற எட்டையும் அளவுமானியில் பொருத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தானே பார்த்தார். அனுமதி மறுக்கப்பட்டது. பழைய பம்புகளை எல்லா ஆஸ்பத்திரியிலிருந்தும் திரும்ப எடுக்க உத்தரவானது.

வெளியே மேலாளர் அவளிடம் வந்து நின்றார். "மன்னிச்சிடுங்கம்மா."

"என்கிட்ட எதுக்கு?" பெற்றவளின் விலாசத்தை எழுதி அவர் சட்டைப் பையில் திணித்தாள். "அங்க போய் கேளுங்க. என்ன எழுதினீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க."

சாயங்காலம் கணவர் கேட்டார்: "இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"அவனுக்கு ஒரு வாரம் கை வலிக்கும்."

"அது போதுமா?"

"போதாது," என்றாள். பிறகு தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.